ஒன்றாம் நிலைக்கு ஒரு மாதிரி

ரேடியோ அக்கா வாயைத் திறந்து பேசி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த வீட்டில் அது சின்ன விஷயமில்லை. டயர் கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீடு. கீழே காற்றடிக்கிற இயந்திரம் காலை எட்டு மணிக்குக் கத்த ஆரம்பித்தால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் ஓயும். அதையும் மீறிக் கேட்கிற ஒரே குரல் அக்காவுடையது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வார்டு ஆயா. ரேடியோ என்று அவளுக்குப் பெயர் வைத்தது, ஆண்கள் வார்டில் கால் உடைந்து கிடந்த ஒரு லாரி டிரைவர். இதை அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டாராம். அவள் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தன் பெயராகவே ஆக்கிக்கொண்டாள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்த கதையைக்கூட அவள் சொன்னால் கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் ஏன் சிரித்தோம் என்று கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் மூன்று நாளாக வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள், உடம்பு துடைக்கிறாள், துணி துவைக்கிறாள். எல்லாம் நடக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. மழை வேறு விட்டபாடில்லை. காயாத விரிப்புகள் வீடு முழுக்கக் கொடி கட்டித் தொங்கின. அந்த ஈர வாடைக்குள் அவள் குனிந்து குனிந்து போய்வருவதைப் பார்க்கத் தம்பி பெண்டாட்டிக்கு என்னவோ செய்தது.

தம்பி பெண்டாட்டியை அக்கா டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். வந்த புதிதில் கேலிக்குச் சொன்னது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. இவள் எந்த வகுப்பறையிலும் போய் நின்றவளில்லை. கம்ப்யூட்டரில் பாடம் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. காவலாளி, சமையல்காரர், ஆஸ்பத்திரி ஆயா, யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டுமென்றாலும் படமும் குரலும் கேள்வியுமாகச் செய்து ஒரு பலகைக் கருவிக்குள் போட்டுவிடுவார்கள். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். பாடம் செய்ய அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் படித்தவர்களுக்கு மார்க் போடுகிற அட்டவணை எழுத டீச்சரை விட்டால் ஆளில்லை. ரூப்ரிக் என்பார்கள் அதை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கீழ்நோக்கி ஒரு வரிசை, குறுக்கே நான்கு நிலை. ஒன்று என்றால் தேறவில்லை, நான்கு என்றால் அப்பழுக்கில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் படித்தால் யார் பார்த்தாலும், எந்த ஊரில் பார்த்தாலும் ஒரே மார்க்தான் போட வேண்டும். அப்படி எழுத ஒரு கை வேண்டும். தனக்கு அந்தக் கை இருக்கிறது என்பதில் டீச்சருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"என்னங்க, அண்ணிக்கு என்னதான் ஆச்சு?" என்று புருஷனிடம் கேட்டாள். அவன் லிப்ட் மெக்கானிக். காலையில் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் காலணியுமாகத்தான் எப்போதும் கிளம்புவான்.

"ஆஸ்பத்திரில யாராச்சும் ஏதாச்சும் சொல்லிருப்பாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"இதையேதான் நேத்தும் சொன்னீங்க."

"நேத்து சொன்ன ரெண்டு நாள்ல இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்குல்ல? நீயே பேசிப் பாரேன். உன் மேலதான் அக்காவுக்கு உசுரு."

"மாமா சரியா சாப்பிடவும் மாட்டேங்கறாரு."

"அவருக்கு கஞ்சியோட அக்காவோட வாயும் வேணும். வெறும் கஞ்சி இறங்குமா?" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போய்விட்டான். சிரிப்புக்குத்தான் சொன்னான். ஆனால் சொன்னது உண்மை. முப்பது வருஷம் மரக்கடையில் ரம்பம் ஓட்டிய மனிதர் மாமா. மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறினாலும் புத்தி தெளிவு. நேற்று ராத்திரிக் கஞ்சியை இரண்டு கரண்டியோடு போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்று காலையில் அந்த இரண்டும் இல்லை.

துவைத்த துண்டை எடுத்துக்கொண்டு டீச்சர் மாமாவின் அறைப் பக்கம் போனாள். உள்ளே யாரோ பேசுகிற சத்தம். முதலில் டிவி என்றுதான் நினைத்தாள்.

"ஐயா, வணக்கம். நான் உங்கள் பராமரிப்பு உதவியாளர். இப்போது உங்கள் இடது கையை உயர்த்தப் போகிறேன். உங்களுக்குச் சம்மதமா?"

டீச்சர் கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். கட்டிலைச் சுற்றிப் பழைய போர்வை ஒன்று திரையாகக் கட்டியிருந்தது. விலகியிருந்த பக்கமாகப் பார்த்தால் அக்கா கையில் நீலநிற ரப்பர் உறை, தண்ணீர் வாளிக்குள் ஒரு வெப்பமானி. மாமா கண்ணை உருட்டி உருட்டி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி... என்னடி இது..." என்றார் குழறலாக.

"தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி ஐயா," என்றாள் அக்கா.

அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் டீச்சர் எழுதியது. உயர்த்தப் போகிறேன் என்பதா, தூக்கப் போகிறேன் என்பதா என்று ஆபீஸில் அரை மணி நேரம் வாதாடி, உயர்த்துவதுதான் மரியாதை என்று அவளே முடிவு செய்து, நான்காம் நிலைக் கட்டத்துக்குள் போட்ட வாக்கியம். துண்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சமையலறைக்குத் திரும்பினாள்.

பாடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லா ஆயாக்களும் படித்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை செய்முறைப் பரீட்சை, அதில் மூன்றுக்குக் கீழே போனால் வார்டிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கிற பக்கம் போட்டுவிடுவார்கள் என்று அக்காவே போன மாதம் சிரித்துக்கொண்டு சொன்னாள். பாடத்தில் என்ன இருக்கிறது என்பதும் டீச்சருக்குத் தெரியும். திங்கட்கிழமை வகுப்பில் அக்கா என்ன பார்த்திருப்பாள் என்பதும் இப்போது புரிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் தெரியவில்லை. பார்த்தது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரிந்திருக்காது என்று டீச்சர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இரண்டு பேர் முகத்தையும் சேலையையும் மங்கலாக்கியாயிற்று. குரலைத் தடிப்பாக்கியாயிற்று. யாருக்கும் தெரிந்திருக்காது.

நடந்தது இதுதான். அட்டவணையை எழுதி முடித்தால் மட்டும் வேலை தீராது. மார்க் போடப் பழகுகிறவர்களுக்கும் பாடம் படிக்கிறவர்களுக்கும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரிப் படம் காட்ட வேண்டும். இதோ பார், இப்படிச் செய்தால் நான்கு, இப்படிச் செய்தால் ஒன்று என்று. படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டும் பாடத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் டீச்சர் அக்காவிடம்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணி, ஆபீஸுக்கு ஒரு வீடியோ வேணும். நீங்க மாமாவுக்கு உடம்பு துடைக்கறத எடுத்துக்கவா?"

"என்னையா? பாடத்துலயா?" அக்கா ஒரு நிமிஷம் நம்பவில்லை. அப்புறம் போய்ப் பெட்டியிலிருந்து நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குத் தலை வாரி, மீசையைக் கத்தரித்து, மஞ்சள் பூப்போட்ட புது விரிப்பை விரித்தாள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை உதறி உதறி அழகாகப் போட்டாள். "நல்லா எடு டீச்சர். என்னைப் பாத்து நாலு பேரு கத்துக்கட்டும்."

டீச்சரும் அப்படி நினைத்துத்தான் எடுத்தாள். அதில் கள்ளமில்லை. ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து தன் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது வரிசைக்கு வரிசை இடித்தது. கையுறை இல்லை. தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். திரை கட்டவில்லை. அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பேச்சு மட்டும் ஓயவே இல்லை. "என்ன ரம்பக்காரரே, இன்னிக்கு எத்தனை மரம் அறுத்தீங்க? முதுகெல்லாம் மரத்தூளு." மாமா சிரிக்கிறார், எச்சில் வழிகிறது, அதைத் தன் முந்தானையாலேயே துடைக்கிறாள். டீச்சர் அதை மூடி வைத்துவிட்டாள். வீட்டில் கேட்டால் வேறு படம் எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

மூடி வைத்தது வைத்தபடியே இருந்திருக்கலாம். ஒன்றாம் நிலைக்கு நடிக்க வந்த பெண் வில்லி மாதிரி முறைத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள். பார்த்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆபீஸ் தலைவருக்கு எதைச் சொன்னாலும் ஒரு டேபிளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் டேபிள் சார் என்று பெயர். "நிஜமான ஒண்ணு வேணும். நாளைக்குள்ள வேணும்," என்றார் அவர். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டீச்சர் அந்தப் படத்தைத் திறந்தாள்.

படத்தின் கடைசியில் ஒரு நாற்பது விநாடி உண்டு. அக்கா வாளியிலிருந்து கை நிறையத் தண்ணீரை அள்ளிக்கொண்டு, "கையைத் தூக்கறீங்களா, இல்ல மூஞ்சில அடிக்கவா?" என்று மிரட்டுகிறாள். மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே அந்த இடது கை, அசையாது என்று டாக்டர் கைவிட்ட கை, விரிப்பை விட்டு ஒரு சாண் மேலே எழும்புகிறது. அக்கா வாயடைத்துப் போய் நிற்கிறாள். பிறகு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி ஒரு சத்தம்.

அந்த நாற்பது விநாடியை டீச்சர் வெட்டி எறிந்தாள். மீதியை மங்கலாக்கி, தடிப்பாக்கி, டேபிள் சாரிடம் கொடுத்தாள். "அடடா," என்றார் அவர். "ஒன்றாம் நிலைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. யாரும்மா இவங்க?"

"தெரிஞ்ச ஒருத்தங்க சார்," என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஆபீஸில் அது ஒரு விளையாட்டு. யாராவது டீயைக் கொட்டினால் "என்ன ரம்பக்காரரே" என்று ஒருவன் குரலைத் தடிப்பாக்கிச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சரும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று சிரித்தாள். இப்போது சமையலறையில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று ஆபீஸுக்குப் போனதும் நேரே டேபிள் சார் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த ஒன்றாம் நிலை வீடியோவ எடுத்துடலாமா?"

"எதுக்கும்மா? இத பாருங்க." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இருநூத்திப் பன்னெண்டு பேரு பாத்திருக்காங்க. இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒண்ணுதான் போட்டிருக்காங்க. நாம செஞ்சதுலயே இப்படி எதுவும் ஒத்துப்போனதில்ல."

"ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலையா சார்?"

"வரலையே. அவ்ளோ சுத்தமான ஒண்ணு. உங்க அட்டவணைக்குக் கிடைச்ச மரியாதை இது."

"இல்ல சார், அது வந்து... எனக்குத் தெரிஞ்சவங்க."

"கையெழுத்து வாங்கிருக்கோம்ல?"

"வாங்கிருக்கோம்."

"அப்புறம் என்னம்மா?"

எங்கள் நாத்தனார் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னால் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன்தான் அந்தத் தடித்த குரலில் பேசிக்காட்டுகிறவன். டீச்சர் மென்று விழுங்கினாள்.

டேபிள் சார் ஒன்றும் பொல்லாதவரில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா வேண்டாம். நான் இன்னிக்கே எடுத்துடறேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. அதை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்," என்றார்.

கட்டத்துக்குள் எழுதுவதில் பேர்போனவள் இருபது நிமிஷம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், தொழில்நுட்பக் காரணம் என்று எழுதினாள். அனுப்பிவிட்டுக் கழிவறையில் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள். கீழே யாரோ சக்கரத்தைக் கழற்றிப் போடுகிற சத்தம்.

"அந்த வீடியோவ எடுத்துட்டாங்க," என்றாள் அக்கா.

பாடத்து வாக்கியங்களை விட்டால், மூன்று நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. டீச்சர் கை நின்றுவிட்டது.

"மத்தியானம் வகுப்புல சொன்னாங்க. தொழில்நுட்பக் காரணமாம்." அவள் தலை நிமிரவில்லை. "அப்படின்னா என்ன மேடம்?"

மேடம் என்ற அந்த ஒரு சொல்லில் டீச்சர் கூனிக்குறுகிப் போனாள். "அண்ணி, அப்படிக் கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிட?"

"நீங்க பாத்தீங்களா அண்ணி?"

"பாக்காம? நாப்பது பேரையும் உக்கார வச்சு, ஆளுக்கொரு பலகையக் கையில குடுத்தாங்க. நான் போன வாரத்துலேருந்தே வார்டு பூரா சொல்லி வச்சிருந்தேன். எங்க டீச்சர் பண்ண பாடம்டி, இதுல நானும் வர்றேன், பாத்துக்கங்கன்னு. எல்லாரும் எனக்கு முன்னாடி இடம் போட்டு உக்கார வச்சாளுங்க." கத்தி ஒரே சீராக நறுக்கிக்கொண்டிருந்தது. "மொதல்ல ஒருத்தி வந்தா. மூஞ்சியும் சேலையும் மங்கலா இருந்துச்சு. கரகரன்னு ஆம்பள மாதிரி குரலு. நாப்பது பலகையும் ஒண்ணா கத்துனதுல என்ன பேசறான்னே புரியல, ஓயாம பேசறான்னு மட்டும் தெரிஞ்சுது. நான்தான் மொதல்ல சொன்னேன். யாருடி இவ, சந்தையில கூவுற மாதிரி கூவுறான்னு. நாப்பது பேரும் சிரிச்சாளுங்க."

"அண்ணி..."

"இரு, சொல்லி முடிக்கறேன். நானும் சிரிச்சேன். மார்க் போடுன்னாங்க. கையுறை இல்ல, ஒண்ணு. தண்ணி சூடு பாக்கல, ஒண்ணு. சரசரன்னு போட்டேன். இவளெல்லாம் ஆயாவான்னு நெனச்சுக்கிட்டே போட்டேன். கடைசி வரிசைக்கு வர்றப்போ அவ கை கிட்டத்துல வந்துச்சு." அக்கா கத்தியை வைத்துவிட்டு வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். கொதிக்கிற பாத்திரம் பட்டு வெந்த பழைய தழும்பு. "அப்பறம்தான் விரிப்பு தெரிஞ்சுச்சு. மஞ்சப் பூ. அப்பா காலு தெரிஞ்சுச்சு."

டீச்சர் கையிலிருந்த பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள என் விரல் போட்டு முடிச்சிருச்சு. உடனே அந்தப் பலகையில பட்டாசு வெடிக்கற மாதிரி ஒரு படம் வந்து, வாழ்த்துகள், உங்கள் மதிப்பீடு நிபுணர்களின் மதிப்பீட்டுடன் முழுமையாக ஒத்துப்போகிறதுன்னு வந்துச்சு. அதுவும் நீ எழுதுனதுதானே?"

"ஆமா அண்ணி."

"நல்லா எழுதிருக்க." கேலியில்லாமல்தான் சொன்னாள். "அப்பறம் நாலாம் நெலைக்கு வேற ஒரு பொண்ணு வந்துச்சு. அதுவும் முடிஞ்சுது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. என்னக்கா, நீ வரவே இல்லையேன்னு கேட்டாங்க. என்னை வெட்டிட்டாங்க போலடின்னு சொல்லிட்டேன்."

கீழே சக்கரம் கழற்றுகிற சத்தமும் நின்றிருந்தது. டீச்சர் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அக்காதான் தேற்ற வேண்டியிருக்கும், அதைவிடக் கேவலம் வேறில்லை என்று தோன்றியது.

"நான்தான் போட்டேன் அண்ணி. யாரும் சொல்லல. நானேதான் போட்டேன்."

"அது தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கடைசியில அப்பா கையைத் தூக்குனாரே, அதைக் காணோமே. அதையும் அவங்க வெட்டுனாங்களா, நீ வெட்டுனியா?"

"நான் வெட்டுனேன்."

"அதையும் சேத்துப் போட்டிருந்தா எத்தனை வரும்?"

இந்தக் கேள்வியை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு என்று சொன்னால் போதும், மூன்றுகூடச் சொல்லலாம், அக்கா நம்பியிருப்பாள். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

"ஒண்ணுதான் வரும் அண்ணி."

"அப்பா கை தூக்குனதுக்குக்கூடவா?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த மூன்று நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "போட்டாலும் ஒண்ணு, வெட்டுனாலும் ஒண்ணு. அப்ப எதுக்கு வெட்டுன?"

டீச்சர் பீன்ஸ் நாரை விரலில் சுற்றிச் சுற்றி அறுத்தாள். ஆபீஸில் அந்த மத்தியானம் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, யாரும் வருகிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வெட்டியது ஞாபகம் வந்தது. அப்போதே தெரிந்துதான் செய்தாள்.

"அதைப் பாத்தா எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சுப் போயிடும் அண்ணி. அப்பறம் ஒண்ணு போட யாருக்கும் மனசு வராது."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள், கணக்குச் சரியாக வந்துவிட்டது மாதிரி. நறுக்கியதை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள், கையைக் கழுவினாள், முந்தானையில் துடைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டு துண்டை எடுத்துத் துடைத்தாள்.

"சரி, நாளைக்குப் பரீட்சை," என்றாள். "வா, வந்து படு."

"நானா?"

"அப்பாவ எத்தனை தடவைதான் துடைக்கறது, தோல் உரிஞ்சிரும். அவரும் பயப்படறாரு. நீ படு. நீதானே எழுதுன, எங்க தப்பு வருதுன்னு உனக்குத்தான் தெரியும்."

மாமாவின் கட்டிலுக்கு எதிரே சுவரோரம் அக்கா படுக்கிற கட்டில். டீச்சர் அதில் மல்லாந்து படுத்தாள். மாமா கண் திறந்திருந்தார். பக்கத்து முக்காலியில் சாயங்காலக் கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அக்கா திரையைக் கட்டினாள். கையுறையை மாட்டினாள், விரல் விரலாக இழுத்துவிட்டாள். வாளியில் வெப்பமானியைப் போட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, வணக்கம். நான் உங்கள் பராமரிப்பு உதவியாளர். இப்போது உங்கள் முகத்தைத் துடைக்கப் போகிறேன். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் டீச்சர்.

ஈரத் துணி நெற்றியில் பட்டது. சூடு சரியாக இருந்தது. உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழே, சொன்னது சொன்னபடி ஒரு குறையில்லை. ரப்பருக்குள் இருந்த விரல்கள் எங்கேயும் ஒரு விநாடி கூடுதலாகத் தங்கவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இதே கட்டிலில் இதே கை இரண்டு நாள் அவளைத் துடைத்தது. என்ன டீச்சர், இட்லி வேக வைக்கலாம் போல உன் மேல என்று அக்கா சொன்னதும், அந்தக் காய்ச்சலிலும் தனக்குச் சிரிப்பு வந்ததும் நினைவுக்கு வந்தன. இப்போது அக்காவின் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. அதில் கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று பார்த்தாள். கோபம் இல்லை, கவனம் மட்டும்தான் இருந்தது. இப்போது உங்கள் வலது கையை உயர்த்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உயர்த்தினாள். தழும்பு இருக்கிற இடத்தைக் கையுறை மூடியிருந்தது.

டீச்சரின் கண்ணிலிருந்து வழிந்தது காதுப் பக்கம் இறங்கியது. அக்கா அதையும் ஒரு மடிப்பு மாற்றிய துணியால் ஒற்றி எடுத்தாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குழறல் கேட்டது. "விடுடி... பாவம்டி அவ... விடு..."

அக்கா திரும்பவில்லை. பணியின்போது பிறருடன் பேசுவதில்லை என்று அட்டவணையின் மூன்றாவது வரிசையில் இருக்கிறது. துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, கட்டிலின் வலது பக்கம் நேராக நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் உள்ளதா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அக்கா கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை, போகவும் இல்லை. முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார் என்றுதான் நான்காம் நிலைக் கட்டத்தில் எழுதியிருந்தது.